குறிப்பு எழுதாமல் நீக்கிய பெயர்

ஜூன் 11

மாமாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பேருந்தில் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறியதை நினைத்தால் பதில் போடுவீர்களா என்பதே சந்தேகம். இருந்தாலும் எழுதுகிறேன். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்காது. என் போன் அலுவலகம் கொடுத்தது. அதில் இதைப் பேச எனக்கும் விருப்பமில்லை.

என் வேலை என்னவென்று நீங்கள் இங்கே இருந்த மூன்று வாரமும் கேட்டீர்கள். நான் சரியாகச் சொல்லவில்லை. இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் இணையப் பக்கத்தை ஒரே ஒரு கணினியில் வைத்தால் தூரத்தில் இருப்பவருக்கு வந்து சேர நேரமாகும். அதனால் பல ஊர்களில் உள்ள கணினிகளில் பிரதி வைப்பார்கள். கேட்பவருக்கு எது பக்கமோ அது எடுத்துக் கொடுக்கும். அந்தக் கணினிகளுக்கு வழிகாட்டுகிற பெயரை எட்ஜ் ஹோஸ்ட்நேம் என்போம். எங்களிடம் அப்படி எழுநூறு பெயர்கள் இருக்கின்றன. புதிதாக உண்டாக்குவது, மாற்றுவது, வேண்டாததை நீக்குவது என் பொறுப்பு. திரையில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. ஏபிஐ என்ற வழியாகக் கோரிக்கை அனுப்புவோம். கோரிக்கையோடு என் சாவியும் போகும். அது இரும்புச் சாவி இல்லை, நீளமான ரகசிய எழுத்து வரிசை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் எண், நேரம், யாருடைய சாவி, எதற்காக என்று ஒரு வரிக் குறிப்பு, எல்லாம் பதிவாகும்.

நீங்கள் புறப்பட்டுப் போன வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ஒரு கண் மருத்துவமனையின் பெயரை யாரோ நீக்கியிருக்கிறார்கள். என் சாவியால். குறிப்பு இருக்க வேண்டிய இடம் காலி. இலவச அறுவைச் சிகிச்சைக்குப் பதிவு செய்யும் பக்கம் அது. ஆண்டுக்கு இரண்டு தடவைதான் திறக்கும். திங்கட்கிழமை காலை திறக்க வேண்டியது திறக்கவில்லை. மத்தியானம் வரை வயதானவர்கள் வாசலில் வரிசையாக நின்றிருக்கிறார்கள். பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்களாம்.

பத்து நாற்பதுக்கு நான் உங்களோடு பேருந்து நிலையத்தில் இருந்தேன். அதை நீங்கள் உங்கள் கைப்பட எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் என் வேலை போய்விடும்.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே தங்கியிருந்த நாட்களில், நான் இல்லாத நேரத்தில் என் மடிக்கணினியை நீங்கள் திறந்தீர்களா? என் சாவி அதிலும் இருக்கிறது.

பக்கத்து மேசைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அமைதி. ஜனவரியில் விடுப்பில் போனபோது என் சாவியை அவருக்குக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. மேலாளரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

கப்பலில் இருக்கும் உங்கள் மகனுக்கு எதுவும் எழுத வேண்டாம்.

உங்கள் மருமகள்


ஜூன் 14

மருமகளுக்கு மாமனார் எழுதிக்கொண்டது.

மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்ற பிறகு எனக்கு வந்த முதல் கடிதம் உன்னுடையதுதான். தபால்காரர் வழக்கம்போல உரக்கப் படிக்க வந்தார். "வேணாம்ப்பா, இனிமே நானே பாத்துக்கறேன்" என்று பிடுங்கிக்கொண்டேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை வருஷம் என் வீட்டுச் சங்கதி எல்லாம் இவருக்குத்தானே முதலில் தெரிந்திருக்கிறது! அதில் எதை எல்லாம் மாற்றிப் படித்தாரோ.

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை எழுத்து புரிந்தது. இரண்டாம் தடவை சொல் புரிந்தது. மூன்றாம் தடவைதான் விஷயம் புரிந்தது.

உன் மடிக்கணினியை நான் திறக்கவில்லை. ஒருநாள் அதன் மூடிமேல் இருந்த எழுத்தைத் துடைத்துப் பார்த்தேன். அது நம் எழுத்து இல்லை என்று விட்டுவிட்டேன். மாமனாரிடம் இப்படிக் கேட்பார்களா? பரவாயில்லை. நானும் உன் இடத்தில் இருந்தால் கேட்டிருப்பேன்.

சாட்சியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மூன்று தாள் கெட்டுப்போனது. இது நாலாவது. அதில் எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன், தபாலில் யாராவது தாளை மாற்றிவிட்டால் உனக்குத் தெரிய வேண்டும்.

'ஜூன் 5, வியாழக்கிழமை. என் மருமகள் என்னைப் பேருந்து நிலையத்துக்கு அழைத்து வந்தாள். நிலையத்துக் கடிகாரத்தில் பத்து இருபது. நான் பலகைகளை வாசலிலிருந்து வரிசையாகப் படித்தேன். விசாரணை. எச்சில் துப்பாதீர். கட்டணக் கழிப்பிடம். பழுதடைந்த குடை இங்கே சரிசெய்யப்படும். ஆறாம் நடைமேடை. தண்ணீர்த் தொட்டி கழுவப்படுகிறது, இன்று மட்டும் குடிநீர் இல்லை. என் மருமகள், மாமா மெதுவாகப் படியுங்கள், எல்லாரும் பார்க்கிறார்கள் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பத்து ஐம்பதுக்குப் பேருந்து புறப்பட்டது. அதுவரை அவள் என் பக்கத்தில் இருந்தாள்.'

கோபம் வந்ததையும் ஏன் எழுதினேன் என்றால், சாட்சியில் எதையும் மறைக்கக் கூடாது.

அந்த அமைதியைப் பற்றி நானும் யோசித்தேன். பேசாதவர் ஏன் பேசவில்லை? சாவி அவரிடம் இருந்தது. மேசை பக்கத்தில் இருந்தது. நீ இல்லாத நேரம் அவருக்குத் தெரியும். இதற்குமேல் என்ன வேண்டும்? அவருக்குச் சாவி கொடுத்ததை மேலாளரிடம் சொல்லிவிடு. நம் கை சுத்தமானால் போதும்.

மாமனார்


ஜூன் 19

மாமாவுக்கு,

உங்கள் சாட்சி என்னைக் காப்பாற்றிவிட்டது.

மேலாளர் அம்மா முதலில் நம்பவில்லை. "வீட்டு ஆளு எழுதிக் குடுத்தா ஆச்சா?" என்றார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு அவரே பேருந்து நிலையம் போய் பலகைகளை வரிசையாகப் பார்த்திருக்கிறார். ஒன்று மட்டும் அங்கே இல்லை. தொட்டி கழுவுகிறோம் என்ற பலகை. உள்ளே போய் விசாரித்ததில், அது அந்த ஒருநாள் மட்டும், காலை பத்து மணிக்கு மேல்தான் தொங்கியது என்று சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்து, "உங்க மாமனாரு பொய் சொல்ற ஆளு இல்லம்மா. இவ்ளோ பலகைய யாராலயும் கற்பனை பண்ண முடியாது" என்று சிரித்தார். பத்து நாளில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது. ஜனவரியில் அமைதிக்குச் சாவி கொடுத்ததைச் சொன்னேன். அதற்குள் பதிவிலிருந்து இன்னொன்றும் தெரிந்திருந்தது. கோரிக்கை போனது என் மேசைக் கணினியிலிருந்து. அன்று காலை எங்கள் வரிசையில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

அவரைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்ததால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. பிறகு மேலாளர் சொன்னார்: "நான் செய்யலன்னு ஒரே வார்த்தை. வேற வாயே தெறக்கல. தப்பு செய்யாதவன் இப்படியா இருப்பான்?" செவ்வாய்க்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜூலை பத்தாம் தேதி முடிவு. வேலை போய்விடும் என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள்.

அவர் போகும்போது தன் கோப்பையைக் கழுவி, துடைத்து, பைக்குள் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. குற்றமுள்ள மனம் பார்க்காது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நிம்மதியாக இருக்கிறது. இருக்க வேண்டும்.

பேருந்து நிலையத்தில் அப்படிச் சொன்னதற்கு மன்னியுங்கள்.

மருமகள்


ஜூன் 23

மருமகளே,

உன் கடிதத்தை மாலை வகுப்புக்குக் கொண்டுபோனேன். டீச்சரிடம் மேலாளர் சொன்ன வரியை மட்டும் காட்டினேன், மற்றதைக் கையால் மறைத்துக்கொண்டேன். 'பொய் சொல்ற ஆளு இல்லம்மா.' எழுதக் கற்று ஒரு வருஷத்தில் என் எழுத்தை ஒரு அதிகாரி நம்பியிருக்கிறார். முப்பத்தெட்டு வருஷம் அலுவலகங்களைப் பெருக்கினேன். அங்கே என் வாய் வார்த்தையை ஒருவரும் நம்பியதில்லை.

அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். எழுத வேண்டாம் என்றும் தோன்றுகிறது.

பெருக்குகிறவன் வேலை உனக்குத் தெரியாது. மேசையில் பேனா காணோம் என்றால் முதலில் என் பையைத்தான் கவிழ்ப்பார்கள். ஏனென்றால் எல்லாரும் போன பிறகு அங்கே இருப்பவன் நான். என்னிடம் எல்லா அறைச் சாவியும் இருக்கும். நானும் "நான் எடுக்கல சார்" என்று ஒரு வார்த்தைதான் சொல்வேன். வேறு என்ன சொல்வது? செய்யாததை எப்படி விவரமாகச் சொல்வது? செய்தவனுக்குத்தான் நூறு கதை இருக்கும். அந்த மனுஷன் கோப்பையைக் கழுவிக்கொண்டு போனார் என்று நீ எழுதிய இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அவரைச் சந்தேகப்படு என்று எழுதியவனும் நான்தான். எழுத வந்த சந்தோஷத்தில் துப்பறிகிறவன் மாதிரி எழுதிவிட்டேன்.

இரண்டு விஷயம் எனக்கு இடிக்கிறது. ஒன்று: அன்றைக்கு வேறு என்ன காணாமல் போனது? நீ அந்த ஒரு பெயரையே சொல்கிறாய். திருடன் தனக்கு வேண்டியதை எடுப்பான், மற்றதைத் தொடமாட்டான். துடைப்பம் அப்படி இல்லை, வழியில் இருப்பதை எல்லாம் வாரும். என் பையைக் கவிழ்த்தவர்களிடமும் இதைத்தான் கேட்பேன். "வேற என்னங்க காணோம்?" யாரும் பதில் சொன்னதில்லை.

இரண்டு: குறிப்பு ஏன் காலி? கெட்ட எண்ணத்தோடு செய்தவன் பொய்யாக எதையாவது எழுதி வைப்பான். காலியாக விடுகிறவன் யார் தெரியுமா? எழுதத் தெரியாதவன். எத்தனை படிவங்களில் நான் காலியாக விட்டிருக்கிறேன்! உங்கள் அலுவலகத்தில் எழுத்துத் தெரியாத ஆள் யாராவது இருக்கிறாரா?

மாமனார்


ஜூன் 28

மாமா,

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுதத் தெரியாதவருக்கு எங்கள் அலுவலகத்தில் என்ன வேலை என்று சிரித்தேன். மறுநாள் சும்மா இருக்க முடியாமல் ஜூன் ஐந்தாம் தேதியின் முழுப் பட்டியலைக் கேட்டு எடுத்தேன். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. விசாரணையில் அந்த ஒரு கோரிக்கையின் எண்ணைப் போட்டு அதை மட்டுமே பார்த்திருந்தார்கள்.

இருபத்து மூன்று பெயர்கள். எல்லாம் பத்து நாற்பதுக்கு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் சரியாக இரண்டு விநாடி. இருபத்து மூன்றிலும் குறிப்பு காலி. மற்ற இருபத்திரண்டும் உண்மையிலேயே யாருக்கும் வேண்டாத பெயர்கள், அதனால் யாரும் தேடவில்லை.

இரண்டு விநாடி இடைவெளி நான் வைப்பது. வேகமாக அனுப்பினால் அந்தப் பக்கம் மறுத்துவிடும் என்று நானே எழுதி வைத்தது.

மார்ச் மாதம் ஒரு சின்ன நிரல் எழுதினேன் மாமா. நிரல் என்றால் கணினி தானாகச் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி வைப்பது. அறுபது நாள் யாருமே தேடி வராத பெயர்களைக் கண்டுபிடித்து நீக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதல் வியாழக்கிழமை, என் மேசைக் கணினியிலிருந்து என் சாவியோடு தானாக ஓடும். முதலில் எதையும் நீக்காமல் பட்டியல் மட்டும் போடும்படி வைத்திருந்தேன். ஒருநாள் சாயங்காலம் சோதனைக்காக, உண்மையாகவே நீக்கும்படி மாற்றினேன். திரும்ப மாற்றவில்லை. மறுநாள் வேறு வேலை கொடுத்தார்கள், மறந்தேபோனேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் பக்கம் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குறிப்பு எழுதும் வரியை, பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.

எழுத்துத் தெரியாத ஆள் இருக்கிறது. அதை வேலைக்கு வைத்தது நான்.

சொல்ல வேண்டும். சொல்வேன். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவரைக் கைகாட்டியவள் ஆகிவிட்டேன். இப்போது போய்ச் சொன்னால் முதலிலேயே தெரியும் என்றுதானே நினைப்பார்கள்? கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

கிழித்துவிடுங்கள்.


ஜூலை 1

மருமகளே,

கிழிக்கவில்லை. கீழே மருமகள் என்றுகூடப் போடாமல் அனுப்பியிருக்கிறாய். ஆனால் உன் கையெழுத்து எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

சொல்வேன் என்று எழுதியிருக்கிறாய். சொன்னேன் என்று இல்லை. மூன்று தடவை தேடிவிட்டேன். பத்தாம் தேதி என்று நீதான் எழுதினாய். இன்றைக்கு ஒன்றாம் தேதி. உனக்கு வேண்டிய கொஞ்ச நேரம் பத்தாம் தேதிக்கு மறுநாள் வரைக்கும் நீளுமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தப்பாக இருந்தால் திட்டு.

என் சாட்சியில் ஒரு பொய்யும் இல்லை. அதை வைத்துத்தான் ஒரு மனுஷனை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் எழுதிய முதல் சாட்சி அது. சுவரில் மாட்டலாமா என்றுகூட நினைத்தேன். இப்போது அதை நினைத்தாலே வாயில் கசக்கிறது.

அதனால் இரண்டாவது சாட்சி எழுதியிருக்கிறேன். உங்கள் மேலாளருக்கு. நீ எழுதிய இருபத்து மூன்று, இரண்டு விநாடி, மார்ச் மாதம், எல்லாம் உள்ளே இருக்கிறது. ஏழாம் தேதி வரை என்னிடம் இருக்கும்.

மாமனார்


ஜூலை 4

மாமா,

மிரட்டுகிறீர்களா?

உங்களை நம்பித்தான் எழுதினேன். உங்கள் மகனுக்குக்கூட எழுதவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்து வருஷம் ஒன்று ஆகவில்லை, அதற்குள் புகார் எழுதவும் வந்துவிட்டது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் உங்கள் வகுப்பில்.

நான் பயந்தவள். அது உண்மை. தினமும் மேலாளர் அறை வரைக்கும் போகிறேன். போனால், "என்னம்மா, மாமனாரு எப்டி இருக்காரு?" என்று கேட்கிறார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நல்லா இருக்கார் மேடம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறேன். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. யாரோ அதன்மேல் பழைய பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். நேற்று நான் அதை எல்லாம் இறக்கிக் கீழே வைத்தேன். இன்று மறுபடியும் அடுக்கியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள்.

மருமகள்


ஜூலை 8

மருமகளே,

திட்டியது சரி. இரண்டு தடவை படித்தேன், நன்றாகவே திட்டியிருக்கிறாய்.

திங்கட்கிழமை நேற்றே போய்விட்டது. நீ சொன்னாயா இல்லையா என்று இங்கே எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு நீ 'சொல்லிவிட்டேன்' என்று எழுதலாம். நானும் சந்தோஷப்பட்டு அந்த இரண்டாவது சாட்சியை அடுப்பில் போடலாம். அங்கே அந்த நாற்காலி காலியாகவே இருக்கலாம். இப்படி நினைக்கிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததென்று கேட்காதே. பையைக் கவிழ்த்தவர்கள் கொடுத்தது.

மேலாளருக்கு எழுதிய கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டியாயிற்று. ஏழாம் தேதி என்றேன், உனக்காக ஒருநாள் பொறுத்தேன். இதற்குமேல் பொறுத்தால் பத்தாம் தேதிக்குள் போய்ச் சேராது. இந்தக் கடிதத்தோடு அதையும் இன்றைக்கே பெட்டியில் போடுகிறேன். நீ சொல்லிவிட்டிருந்தால் அது போய்ச் சேர்ந்தும் கெடுதல் இல்லை. சொல்லவில்லை என்றால் நான் சொன்னதாக இருக்கட்டும்.

சொன்னாய் என்றால் அந்த மனுஷன் கையால் ஒரு வரி எழுதி வாங்கி அனுப்பு. அதைப் பார்த்தால்தான் நம்புவேன்.

மாமனார்


ஜூலை 12

மாமாவுக்கு,

திங்கட்கிழமையே சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் மேலாளர் மேசைக்கு வந்தது வியாழக்கிழமை. அவர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "உன்ன நம்பாம உங்க மாமனாரு தனியா எழுதிருக்காரும்மா" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை நான் பட்டியலைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். வரிசையாகச் சொல்லலாம் என்று தயார் செய்திருந்தது எல்லாம் போய், "மேடம், இது நான் வெச்ச நிரல். அவரு இல்ல" என்பது மட்டும்தான் வந்தது. அவர் இருபத்து மூன்று வரியையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "நாங்க ஏன் இத கேக்கல?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கண் மருத்துவமனைக்கு அவரே போன் செய்தார். திரும்பிப் போனவர்களுக்கு இன்னொரு பதிவு நாள் வைக்கிறார்களாம்.

என் சாவியை ரத்து செய்துவிட்டார்கள். வேலை இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் நான் எந்தக் கோரிக்கையும் அனுப்பக் கூடாது. மற்றவர்கள் அனுப்புவதற்கு முன் குறிப்பைப் படித்துப் பார்ப்பதுதான் என் வேலை. குறிப்பு இல்லாத கோரிக்கை இனி போகவே போகாது.

அமைதி புதன்கிழமை வந்தார். பெட்டிகளை இறக்கினார். மேசையை என் மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். சரி என்றா, வேண்டாம் என்றா தெரியவில்லை.

நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தை நேற்று அவரிடம் காட்டி, "என் மாமனாருக்கு உங்க கையால ஒரு வரி வேணுமாம்" என்றேன். தாளை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நாலாக மடித்துக் கொடுத்தார். நான் படிக்கவில்லை. தைரியம் வரவில்லை என்பதுதான் சரி. அப்படியே வைத்து அனுப்புகிறேன்.

மருமகள்


ஜூலை 16

மருமகளே,

தாள் வந்தது. மடிப்பைப் பார்த்தேன், நீ பிரிக்கவில்லை. நம்புகிறேன்.

அவர் எழுத்து சின்னதாக, நேராக இருக்கிறது. அவர் எழுதியதை உனக்கு அப்படியே எழுதுகிறேன்:

'ஐயா, உங்கள் மருமகள் சொல்லிவிட்டார். உங்கள் முதல் சாட்சியை எனக்கும் படித்துக் காட்டினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அன்று காலை நான் என்ன பார்த்தேன் என்று மட்டும் இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.'

இதைப் படித்துவிட்டு அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மன்னிப்பு என்று எழுதினேன். அது நீ ஏற்கெனவே கேட்டது. வேறு என்னென்னவோ எழுதி அடித்தேன். கடைசியில் ஒரு வரிதான் மிஞ்சியது. தனித்தாளில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். அவர் கையில் கொடு. கொடுத்துவிட்டு உடனே எழுந்து போகாதே. அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

'ஐயா, அன்று காலை நீங்கள் என்ன பார்த்தீர்கள்?'

மாமனார்